குற்றம் சொல்ல மட்டும் கூப்பிடாதீர்கள்

அன்புள்ள டீச்சர்,

வேலையில் சேர்ந்த வாரமே வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டதாகவும், தினமும் செய்தி போட்டும் பாதிப் பெற்றோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். திருவனந்தபுரத்தில் தமிழ் வகுப்பு எடுக்க வந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

குழு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2020 ஜூன் 1-ஆம் தேதி கேரள அரசின் கல்வி டி.வி.யான விக்டர்ஸ் சேனலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கியபோது, டி.வி.யில் நடந்த பாடத்தை வீட்டிலிருந்த பிள்ளையோடு இணைத்தது இந்தக் குழுக்கள்தான். கொரோனா போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வகுப்பில் நின்று சொல்ல வேண்டியதையும் போனில் தள்ளிவிடத் தொடங்கினோம். பாடக் குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிள்ளைகளைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள் என்று 2024 நவம்பரில் கேரளப் பொதுக்கல்வித் துறையே உத்தரவு போடும் நிலை வந்தது. குழுவை நோட்டீஸ் போர்டு போல வைத்துக்கொள்ளுங்கள். நாளை லீவு, வெள்ளிக்கிழமை பரீட்சை, அவ்வளவுதான். எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் வர வேண்டாம், பாராட்டுக்குக்கூட. எல்லா வீட்டாரும் பார்க்கும் இடத்தில் ஒருத்தியைப் புகழ்ந்தால், மற்ற வீடுகளில் அன்று ராத்திரி ‘அவளைப் பார், உன்னைப் பார்’ தொடங்கிவிடும்.

திறந்து பார்க்காதவர்கள் யார் என்று விசாரித்தீர்களா? உங்கள் பிள்ளைகளில் பலர் சாலைக் கடைத்தெருவை ஒட்டியும் ஆரியசாலை, கரமனைப் பக்கமும் இருப்பவர்கள். திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை சாலை. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே இருக்கின்றன. அப்பா மொத்தக் கடையில் மூட்டை இறக்குவார், அம்மா தோவாளையிலிருந்து வரும் பூவைக் கட்டி விற்பார். அந்த அம்மாவுக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், வாசிக்க வராது. பள்ளியிலிருந்து போகும் கடுதாசியோ மலையாளத்தில் இருக்கும்.

அப்படியானால் அதை வாசித்துச் சொல்வது யார்? பிள்ளைதான். ‘மூன்று நாளாக ஹோம்வொர்க் செய்யவில்லை, பெற்றோர் நேரில் வரவும்’ என்ற டைரிக் குறிப்பை, அந்தக் குற்றத்தைச் செய்த ஐந்தாம் வகுப்புப் பையனே அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். “டீச்சர் உன்னைப் பாக்கணுமாம்மா, சும்மாதான்” என்று அவன் சொன்னால், அவன் பொய்யன் என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவோம். அந்த வேலையை அவன் கையில் கொடுத்தது நாம் என்பதை மறந்துவிடுவோம். நேரில் வந்தாலும் இதே கூத்துதான். ஹெச்.எம். மலையாளத்தில் வேகமாகப் பேசுவார், அம்மா தலையாட்டுவார், பாதி புரியாத இடத்தில் பையன் நடுவில் நின்று தன்மேல் உள்ள புகாரைத் தானே தமிழாக்குவான். அந்த இடத்தில் போய் நிற்க வேண்டியது நீங்கள். உங்களுக்கு டைம்டேபிளில் அந்த பீரியட் வகுப்பு இருந்தாலும் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த அம்மாவிடம் நீங்கள் பேசும் முதல் பேச்சு புகாராக இருக்கக் கூடாது. பள்ளி நம்பரிலிருந்து போன் வந்தாலே ‘என்ன பண்ணித் தொலைச்சான்’ என்று பதறும் வீடுகள் அவை. ஜூன் மாதத்திலேயே, எதுவும் நடக்காதபோதே, ஒரு தடவை கூப்பிட்டுவிடுங்கள். “நான்தான் இவன் கிளாஸ் டீச்சர், நல்லா இருக்கான், நேற்று வகுப்பில் கதை சொன்னான்” என்றால் போதும். பிறகு அக்டோபரில் கசப்பான விஷயத்துக்காகக் கூப்பிடும்போது, எதிர்முனையில் உங்களை அறிந்த ஒருவர் இருப்பார்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இந்த மாவட்டத்திலேயே, அம்பூரியைத் தாண்டிக் குன்னத்துமலையில், காணிப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடந்த ஓராசிரியர் பள்ளியில் உஷாகுமாரி டீச்சர் 1999-லிருந்து பாடம் எடுத்தார். கும்பிக்கல் கடவு வரை ஸ்கூட்டர், நெய்யாற்று நீர்த்தேக்கத்தைக் கடக்கப் படகு, அதன்பின் கையில் கம்போடு மலையேற்றம். ஆரம்பத்தில் பிள்ளைகளை அனுப்ப வீட்டாருக்கு மனமில்லை. சுற்றறிக்கை அனுப்பி அவர்களை வரவழைத்திருக்க முடியுமா? குடிசை குடிசையாகப் போய்ப் பேசித்தான் பிள்ளைகளைக் கொண்டுவந்தார். தினமும் அந்த வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும் என்பதால் பெற்றோர் அவரைப் பார்க்காத நாளே குறைவு. அங்கே ‘பெற்றோர் சந்திப்பு’ என்று தனியாக ஒன்று தேவைப்பட்டிருக்காது.

2022 மார்ச்சோடு அரசு அத்தகைய பள்ளிகளை மூடியது. அதில் வேலை இழந்த 300-க்கு மேற்பட்ட ஆசிரியர்களில் பலருக்கு வேறு பள்ளிகளில் துப்புரவுப் பணி தரப்பட்டது. உஷாகுமாரி டீச்சர் அந்த ஜூனில் பேரூர்க்கடை பி.எஸ்.என்.எம். அரசு மேல்நிலைப் பள்ளியில் துடைப்பம் பிடித்தார். அந்தப் பெயரின் பின்னால் இருப்பவர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் நிதியமைச்சராக இருந்த பி.எஸ். நடராஜ பிள்ளை, நம் மனோன்மணியம் சுந்தரம் பிள்ளையின் மகன். சுந்தரம் பிள்ளை இதே ஊரில் மகாராஜா கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். பேரூர்க்கடையில் தன் வீட்டுக்குத் தன் ஆசிரியர் ஹார்வியின் பெயரை வைத்துக்கொண்டவர். ஆசிரியரை அப்படிக் கொண்டாடிய குடும்பத்தின் பெயரைத் தாங்கும் பள்ளி வளாகத்தில் ஓர் ஆசிரியை கூட்டிப் பெருக்கினார் என்பதை என்னால் இன்றும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சக ஊழியர்களிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். அவர்களை ஸ்டாஃப் ரூமில் மட்டும் தேடாதீர்கள். உங்கள் பள்ளியில் பெருக்கும் சேச்சியிடம் நின்று நாலு வார்த்தை பேசுங்கள். யார் இடைவேளையில் தனியாக மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். மதிய உணவு சமைப்பவருக்கு இன்னும் அதிகம் தெரியும்: முட்டை போடும் நாளில் தின்னாமல் டிபன் பாக்ஸில் வைத்து வீட்டுக்குத் தம்பிக்குக் கொண்டுபோகிற பெண் யார் என்று. இந்த ஒரு தகவல், எஸ்.ஆர்.ஜி. என்னும் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசுவதைவிடப் பயன்படும். அந்தக் கூட்டங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே மலையாளத்தில் தயங்காமல் பேசுங்கள், இலக்கணம் தப்பினாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். புது வகுப்பு கைக்கு வரும்போது பழைய டீச்சர், “அந்த பி டிவிஷன் பையனா, ஜாக்கிரதை” என்பார். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று கேளுங்கள். நடந்ததைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், வெறும் பட்டத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயம்: இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு, திட்ட ஒன்று, கொஞ்ச ஒன்று என்று பிரித்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் வந்துவிடும். எந்த மொழியில் கூப்பிட்டால் எது வரப்போகிறது என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எட்டாம் வகுப்பு உங்களுக்குக் கிடைத்தால் கசப்பான செய்தி சொல்லியே ஆக வேண்டும். 2024–25 முதல் எழுத்துத் தேர்வில் பாடத்துக்குக் குறைந்தது 30 சதவீதம் எடுக்க வேண்டும். எடுக்காதவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு, அதைப் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும். ‘ஃபெயில்’ என்று கேட்டதும் படிப்பை நிறுத்திக் கடையில் சேர்த்துவிடும் வீடுகள் சாலையில் இன்றும் உண்டு. ஆகவே மார்க்கை முதலில் சொல்லாதீர்கள். தனி வகுப்பு எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் எடுக்கிறார், அதற்குப் பிறகு மறுபடி ஒரு தேர்வு உண்டு என்பதைச் சொல்லிவிட்டு மார்க்குக்கு வாருங்கள். இதை வாய்ஸ் மெசேஜில் சொல்ல வேண்டாம். கடைத்தெருவில் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும்.

கிளாஸ் பி.டி.ஏ. என்னும் பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தை வழக்கம்போல வேலைநாள் மத்தியானம் வைப்பார்கள், மூட்டை இறக்குபவருக்கு அன்றைய கூலி போகும். ஓணப் பரீட்சை முடிந்து தேதி குறிப்பதற்குள் ஹெச்.எம்.மைப் பார்த்துப் பேசிவிடுங்கள். மார்க்கெட் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தால் அப்பாக்களும் வருவார்கள். மற்ற ஆசிரியர்கள் லீவு நாளில் வர முறுமுறுப்பார்கள். அதைச் சமாளிக்க வேண்டியதும் நீங்கள்தான்.

அன்புடன்,
உங்களுக்கு முன் அதே வகுப்பறைகளில் நின்ற ஒரு டீச்சர்