லினக்ஸ் போட்டுத் தரக் கூலி கேட்டால்…

உபுண்டு, லினக்ஸ் மின்ட் எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. ஆனாலும் புது லேப்டாப்பில் அவற்றில் ஒன்றைப் போட்டுத் தரக் கடையில் தனியாகப் பணம் கேட்பதுண்டு. அதில் தவறில்லை. லினக்ஸ் கெர்னலின் ஜிபிஎல் உரிமமே, நகல் தரவும் உத்தரவாதம் தரவும் கட்டணம் வாங்கலாம் என்கிறது. கொடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

1. கூலி எதற்கு என்று முதலில் கேளுங்கள். போடுவது அரை மணி நேர வேலை. அதற்கு மட்டும் பெரிய தொகை வேண்டியதில்லை. மூடியைச் சாத்தினால் உறங்கி, திறந்தால் விழிக்கிறதா? வைஃபை, ப்ளூடூத், கேமரா, மைக், திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் எல்லாம் சரியா? இவ்வளவையும் சோதித்து, “வேலை செய்யாவிட்டால் நானே சரிசெய்வேன்” என்று பில்லில் எழுதித் தருபவருக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

2. அந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற செயலி மூலம் மின்ட்டை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே மாடல் டெமோவுக்கு இருந்தால், பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ‘இன்ஸ்டால்’ என்பதை அழுத்தாதவரை உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. கால் மணி நேரம் போதும். வைஃபை உடனே பிடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

3. இன்டெல் வைஃபை சிப் இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. என்விடியா கிராபிக்ஸுக்குத் தனி டிரைவர் போட வேண்டிவரும். கைரேகை சென்சாரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

4. தயாரிப்பாளரே லினக்ஸ் போட்டு விற்கும் மாடல் கிடைத்தால் அதையே முதலில் பாருங்கள். டெல் 2007 முதல் சில மாடல்களில் உபுண்டு தருகிறது. பாகங்கள் லினக்ஸுக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்கு அங்கே தொழிற்சாலையிலேயே விடை தேடியிருப்பார்கள். அந்த உழைப்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். விண்டோஸுடன் வரும் அதே மாடலின் விலையையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

5. டிஸ்க் முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டும் வசதியை, லினக்ஸ் போடும்போதே தேர்ந்தெடுப்பதுதான் எளிது. பிறகு செய்வது பெரும்பாடு. பூட்டியிருந்தால், லேப்டாப் திருடுபோனாலும் உங்கள் ஆவணங்களை யாரும் படிக்க முடியாது. கடையில் போடுவதானால் பக்கத்தில் உட்கார்ந்து கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள். கடைக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அவரிடம் சொல்லாதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் என் கணினியில் நானே போட்டுக்கொள்கிறேன்.

6. விண்டோஸும் கூடவே இருக்க வேண்டுமா? பல புது லேப்டாப்களில் விண்டோஸின் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். அதன் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவைத்த பிறகே யாரையும் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்க விடுங்கள். பூட்டு சாவி கேட்கும்போது அது இல்லாவிட்டால் உள்ளிருப்பதெல்லாம் போய்விடும்.

7. டேலியில் கணக்கு எழுதுபவர்கள் விண்டோஸை அழிக்க வேண்டாம். அது விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது.

8. ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு வாங்குகிறீர்களா? அப்படியானால் உள்ளூர்க் கடைக்காரருக்கே கூலி கொடுத்துவிடுங்கள். நாளைக்கு ஏதாவது என்றால் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துத் தரச் சொல்லி, கிளம்பும் முன் அம்மாவையோ அப்பாவையோ தமிழில் ஒரு வரி தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.