தழும்புக்கு எதைப் பூசுவது?

பச்சை நிற வைட்டமின் ஈ கேப்ஸ்யூலை ஊசியால் குத்திப் பிதுக்கி, பிசுபிசுவென்று வரும் எண்ணெயைத் தையல் தழும்பில் தேய்ப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். விலை குறைவு, மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும். பலனைத்தான் நம்ப முடியவில்லை.

அமெரிக்காவின் மியாமியில் நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. தோல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 15 பேர் அதில் இருந்தார்கள். ஒவ்வொருவரின் தழும்பிலும் ஒரு பகுதிக்கு வெறும் களிம்பு, இன்னொரு பகுதிக்கு வைட்டமின் ஈ கலந்த அதே களிம்பு, தினம் இரண்டு வேளை, 4 வாரம். எதில் என்ன இருக்கிறது என்று பூசியவருக்கும் தெரியாது, பார்த்த மருத்துவருக்கும் தெரியாது. 90 சதவீதம் பேருக்கு வைட்டமின் ஈ ஒன்றும் செய்யவில்லை, அல்லது தழும்பை மோசமாக்கியது. மூன்றில் ஒருவருக்கு அரிப்பும் தடிப்பும் வந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் தீப்புண் தழும்பு உள்ளவர்களிடம் 1980களில் செய்த ஆய்விலும் நன்மை தென்படவில்லை.

‘எனக்குக் குணமானதே’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. புதுத் தழும்பு ஓராண்டு, சில சமயம் அதற்கு மேலும், தானாகவே வெளிறித் தட்டையாகும். தினமும் தேய்த்த விரலுக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம். பெயர் மட்டும் கேப்ஸ்யூலுக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் எது? முதலில் தழும்பைத் தடவிப் பாருங்கள்.

மேடாக, தடிப்பாக இருந்தால் சிலிகான். சிசேரியன் தழும்புக்கும் தீக்காயத் தழும்புக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான். தாளாகவும் ஜெல்லாகவும் வருகிறது. தாளை நாளுக்கு 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும். கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் சித்திரை வெயிலில் அடியில் வேர்த்து வேர்க்குரு வரும். முகத்துக்கும் மூட்டுக்கும், நம் வெக்கைக்கும் ஜெல்லே மேல் என்பேன்: காலை, மாலை மெல்லிய பூச்சு, காய்ந்தபின் சட்டை. இரண்டு மூன்று மாதம் விடாமல் போட வேண்டும், கேப்ஸ்யூலைவிடச் செலவும் அதிகம். தையல் பிரித்து, புண் முழுக்க மூடிய பிறகே தொடங்குங்கள்.

தோல் சமமாக இருந்து நிறம் மட்டும் கறுத்திருந்தால் அது கரும்புள்ளி. அதற்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்வதே முதல் வைத்தியம். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போதும். கடைக்காரர் நீட்டும் ‘சிவப்பாக்கும்’ கிரீம் வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், தோலை மெலியவைத்துவிடும்.

பரு விட்டுப்போன குழிக்கு எந்தப் பூச்சும் பெரிதாக உதவாது. லேசர், நுண்ணூசி என்று தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

காது குத்திய இடத்தில் உருண்டையாக வளர்ந்து, காயத்தின் எல்லையையும் தாண்டினால் அது கீலாய்டு. நம்மைப் போன்ற கறுத்த தோலில் இது அதிகம். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி, சில வாரங்களுக்கு ஒருமுறை போடுவார்கள். வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும், முன்னைவிடப் பெரிதாகவும் வரலாம். ‘வெட்டினால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால், வெட்டிய பின் என்ன சிகிச்சை தருவீர்கள் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.