லாரி கேபினின் இரைச்சலும் காதின் நலமும்

மொரப்பூர், அரூர், கம்பைநல்லூர் பகுதிகளிலிருந்து சிகிச்சைக்கு வருவோரில் லாரி ஓட்டுநர்களும் அவர்தம் குடும்பத்தினரும் உண்டு. முதுகுவலி, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கும் ஓட்டுநர்கள், காதைப் பற்றி அரிதாகவே பேசுகின்றனர். செவித்திறன் வலியின்றி, சிறிது சிறிதாகக் குறைவதே அதற்குக் காரணம். சைலன்சரை மாற்றிய பின் கேபினுக்குள் பெருகும் இரைச்சல் காதுக்கு என்ன செய்கிறது, அதை எவ்வாறு குறைக்கலாம் என்பதை இந்த இதழில் காண்போம்.

காதினுள் நிகழ்வது

உட்காதில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதிலுள்ள நுண்ணிய மயிரணுக்களே ஒலி அதிர்வை நரம்புக்கு உணர்த்துகின்றன. பேரொலி இவற்றைக் களைப்புறச் செய்கிறது. நெடும்பயணம் முடிந்து இறங்கியதும் காது அடைத்தது போலவும் உள்ளே இரைவது போலவும் தோன்றுவது இக்களைப்பின் அடையாளம். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் நாள்தோறும் இதே நிலை நீடித்தால் அணுக்கள் மடிகின்றன. மனிதக் காதில் அவை மீண்டும் முளைப்பதில்லை. இழந்த செவித்திறனை மருந்தால் மீட்கவும் இயலாது. ஆகவே வருமுன் காப்பதே வழி.

எவ்வளவு ஒலி, எவ்வளவு நேரம்?

தொழிலிடத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பதைப் பல நாட்டு வல்லுநர்கள் எல்லையாகக் கொள்கின்றனர். அளவு 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும். தாங்கும் நேரம் பாதியாகும். 88 டெசிபெல் எனில் 4 மணி நேரம். 91 எனில் 2 மணி நேரம். 94 எனில் 1 மணி நேரம் மட்டுமே. எனவே கேபினில் சில டெசிபெல் குறைந்தாலும் அது பெரும் பயனே.

கருவி இல்லாதவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு கை நீள தூரத்தில் அமர்ந்திருக்கும் உதவியாளரிடம் குரலை உயர்த்தினால்தான் பேச முடிகிறது என்றால், அங்கு ஒலி எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும்.

சைலன்சரை மாற்றினால் இரைவது ஏன்?

இழுவை கூடும், ஓசை கம்பீரமாக இருக்கும் என்று எண்ணிச் சிலர் சைலன்சரின் உட்பகுதியை நீக்குகின்றனர். சிலர் அகன்ற நேர்க்குழாயைப் பொருத்துகின்றனர். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும்போது நொடிக்கு 75 முறை எரிநிகழ்வு நடக்கிறது. அந்தத் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் சுமார் நாலரை மீட்டர். அதில் பாதி, கேபினின் அகலத்தை ஒட்டி வருவதால், குறிப்பிட்ட வேகத்தில் கேபினே முரசுபோல் அதிர்கிறது. தொப்பூர்க் கணவாயில் பாரத்துடன் ஏறும்போது இன்ஜினின் உழைப்பு கூடுவதால் இந்த இரைச்சலும் மிகும்.

குறைக்கும் முறை

முதலில் ஒலி பிறக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். வாகனத்துக்கு உரிய சைலன்சரை மீண்டும் பொருத்துவதே சிறந்த தீர்வு. பி.எஸ். 6 லாரிகளில் புகை வடிப்பானும் அதனுடன் இணைந்த கருவிகளும் ஓசையையும் ஓரளவு அடக்குகின்றன; அவற்றை அகற்றக் கூடாது. ஒலி, புகை வரம்புகளை மீறி வாகனம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமும் ஓட்டுநர் உரிமத்துக்கு இடைத்தடையும் நேரலாம்.

இரண்டாவதாக, ஒலி வரும் பாதையை அடைக்க வேண்டும். குழாயைத் தாங்கும் ரப்பர்கள் தேய்ந்திருந்தால் அதிர்வு நேரே சட்டத்தில் இறங்கும். அவற்றை மாற்றச் சொல்லுங்கள். பெடல், ஸ்டியரிங் தண்டு, கியர் நெம்புகோல் ஆகியவை நுழையும் துளைகளின் உறைகளையும், கதவு ரப்பர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். தரையில் வெறும் பஞ்சு விரிப்பு தாழ்ந்த ஒலியைத் தடுக்காது. எடை மிக்க ரப்பர் அடுக்கு உள்ள விரிப்பே பயன் தரும். இன்ஜினுக்கும் சூடான குழாய்க்கும் அருகில் எளிதில் தீப்பற்றும் பொருளை ஒட்டக் கூடாது.

மூன்றாவதாகவே காதுக்குக் கவசம். பட்டறையில் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கும்போது காதடைப்பான் அணியலாம். வாகனம் ஓட்டும்போது பிற வாகனங்களின் ஒலி கேட்க வேண்டியிருப்பதால், மருத்துவரின் ஆலோசனையின்றி அணிய வேண்டாம். சாதாரணப் பஞ்சு போதிய பாதுகாப்புத் தராது. இரைச்சலை மறைக்கப் பாட்டின் ஒலியைக் கூட்டுவது சுமையை இன்னும் பெருக்கும்.

தலைவலியை அலட்சியம் செய்யாதீர்

குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் ஓசையுடன் புகையும் கேபினுக்குள் புகும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. ஓட்டும்போது தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றி, இறங்கியதும் தணிந்தால் கசிவை ஐயுறுங்கள். ஜன்னலைத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, வெளியே வந்து, தாமதமின்றி மருத்துவ உதவி பெறுங்கள். கசிவைச் சரிசெய்யும் வரை அவ்வண்டியை ஓட்ட வேண்டாம். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கவல்லது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது என்பதையும் நினைவில் கொள்வோம்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

இரைச்சலால் வரும் குறைபாடு முதலில் உயர்ந்த சுருதி ஒலிகளையே தாக்கும். ஆகவே பிள்ளைகளின் பேச்சும் பெண்களின் குரலும் தெளிவின்றிக் கேட்கும். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவது, கூட்டத்தில் பேச்சைப் பின்தொடர முடியாமை, அழைத்தும் திரும்பாமை ஆகியன அறிகுறிகள். கேட்காத மனிதரைக் கவனமற்றவர், கோபக்காரர் என்று எண்ணி வீட்டில் மனத்தாங்கல் வளர்வதுண்டு. கடிந்துகொள்வதற்கு முன் காதைப் பரிசோதிப்பது நலம்.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் அளவிடும் ஆடியோமெட்ரி பரிசோதனை வலியற்றது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களைக் காணலாம். காசநோய்க்கோ வேறு தொற்றுக்கோ அமிகாசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் போட்டவர்கள் அதை மறவாமல் தெரிவியுங்கள். அவையும் காதைப் பாதிக்கலாம்.

ஒரு காதில் திடீரெனக் கேட்காமற் போனால் அதை அழுக்கு என்று எண்ணி எண்ணெய் ஊற்ற வேண்டாம். அது அவசர நிலை. அன்றே மருத்துவரிடம் வாருங்கள். விரைந்து தொடங்கும் சிகிச்சையே செவித்திறனை மீட்கும் வாய்ப்பைக் கூட்டும். ஓட்டுநர்கள் ஆண்டுக்கு ஒரு முறை செவித்திறனை அளந்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவது நன்று. அடுத்த ஆண்டின் அளவை அதனோடு ஒப்பிட்டால், மாற்றம் வந்திருப்பதைத் தொடக்கத்திலேயே அறியலாம்.