தொண்டைச் சதை ஆபரேஷன்: பிள்ளைக்கு யார் துணை?

பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்துங்கள். வாயைப் பெரிதாகத் திறந்து "ஆ" சொல்லச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் சின்னதாக ஒரு சதை தொங்கும். அது உள்நாக்கு. அதற்கு இரண்டு பக்கமும், ஆளுக்கொரு காவல்காரர் போல, இரண்டு சதை உருண்டைகள் இருக்கும். அவைதான் டான்சில்.

நம் ஊர்ப்பக்கம் இரண்டையும் சேர்த்து "உள்நாக்கு வளர்ந்திருக்கு" என்று சொல்கிறோம். அது சரியல்ல. உள்நாக்கு வேறு, டான்சில் வேறு. விரலில் உப்பும் மிளகும் தொட்டு உள்நாக்கை அமுக்கிவிடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதனால் டான்சில் குறையாது. தொண்டைதான் புண்ணாகும்.

டான்சில் கெட்ட சதை அல்ல. எல்லோருக்கும் உண்டு. வாய் வழியாக வரும் கிருமிகளை உடம்பு அடையாளம் கண்டுகொள்ள அது உதவுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரிதாகவே இருக்கும். வளர வளரத் தானாகச் சிறுக்கும். ஆகவே "பெரிசா இருக்கு" என்பதற்காக மட்டும் அதை எடுக்க வேண்டியதில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் வேண்டுமா?

ஒரு காலத்தில் வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில், 1934-இல் வெளியான ஒரு கணக்கைக் கேளுங்கள். பதினொரு வயதுப் பிள்ளைகள் 1000 பேரைப் பார்த்தார்கள். அதில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சிலை எடுத்தாகிவிட்டது. மிச்சம் 389 பேர். அவர்களைப் பார்த்த டாக்டர்கள், 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். "வேண்டாம்" என்று விட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்கள் அதில் 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். மறுபடியும் மிச்சப் பிள்ளைகளை இன்னும் சில டாக்டர்களிடம் காட்டினார்கள். அதிலும் 51 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். ஆயிரம் பிள்ளைகளில் 65 பேர்தான் தப்பினார்கள்!

இன்று அப்படி இல்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து டாக்டர்கள் 1984-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அதிலிருந்த கணக்கைத்தான் இன்றும் பல டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஒரே வருடத்தில் 7 தடவை கடுமையான தொண்டை நோவு வந்ததா? அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து, வருடத்துக்கு 5 தடவை வந்ததா? அல்லது மூன்று வருடம் தொடர்ந்து, வருடத்துக்கு 3 தடவை வந்ததா? அப்படியானால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளை தூங்கும்போது பலமாகக் குறட்டை விடுகிறது. நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறது. இதற்கும் டாக்டர் ஆபரேஷன் சொல்லலாம். மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு என்ற சதையையும் அப்போது சேர்த்து எடுப்பது உண்டு.

"போன வருஷம் எத்தனை தடவை வந்துச்சு?" என்று டாக்டர் கேட்பார். "அடிக்கடி வருது" என்றால் அவருக்குக் கணக்குத் தெரியாது. தொண்டை வலியோடு காய்ச்சல் வரும் ஒவ்வொரு நாளும் காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை அல்ல.

பிள்ளையிடம் பொய் சொல்லலாமா?

"சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்லுவேன்." இதைச் சொல்லாத வீடு வட்டவடையில் உண்டா? கோவிலூரில் உண்டா? எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நினைக்கும்? தான் செய்த தப்புக்குத் தண்டனை என்று நினைக்கும். ஆகவே முதல் வேலை, அந்தப் பேச்சை நிறுத்துவது.

இரண்டாவது, "மூணாறுக்குப் பொம்மை வாங்கப் போறோம்" என்று ஏமாற்றிக் கூட்டிப் போவது. இதுவும் வேண்டாம். அங்கே போனதும் உண்மை தெரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது. மருந்து குடி என்றாலும் நம்பாது.

நாலு வயதுப் பிள்ளைக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் முன்பே சொல்லலாம். இப்படிப் பேசலாம்.

"தொண்டையில அடிக்கடி வலிக்குதுல்ல? அந்த வலி தர்ற சதையை டாக்டர் எடுத்திடுவாங்க."

"வலிக்குமாம்மா?"

"எடுக்கும்போது வலிக்காது. மருந்து கொடுத்துத் தூங்க வச்சிடுவாங்க. முழிச்ச பிறகு தொண்டை வலிக்கும். அதுக்கும் மருந்து இருக்கு."

"நீ இருப்பியா?"

"தூங்குற ரூமுக்குள்ள நான் வர முடியாட்டியும் வெளியிலயே இருப்பேன். நீ முழிக்கும்போது பக்கத்துல இருப்பேன்."

இதில் ஒரு பொய்யும் இல்லை பாருங்கள். ஆனால் சொன்னபடி நடக்க வேண்டும். பிள்ளை விழிக்கும் நேரத்தில் டீ குடிக்கப் போய்விடக் கூடாது. அப்பா, அம்மா இரண்டு பேரில் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் கூட இருப்பவரை "பைஸ்டாண்டர்" என்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கிடக்கும் அந்த அம்மாக்களை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அதற்கு அனுமதி இல்லை. பெற்றோர் சிறிது நேரம் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் தனியாக இருந்த இரண்டு வயதுப் பெண்பிள்ளையைப் படம் பிடித்தார். 1952-இல் அந்தப் படம் வந்தது. அந்தப் பிள்ளை அதிகம் அழவில்லை. ஆனால் நாளுக்கு நாள் வாடிப் போனது. முதலில் பல டாக்டர்கள் படத்தைப் பார்த்துக் கோபப்பட்டார்கள். பிறகு 1959-இல் அந்த நாட்டு அரசு அமைத்த குழுவே, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சின்னப் பிள்ளையோடு அம்மா தங்கலாம் என்று சொல்லியது. நம் பாய்க்கு இவ்வளவு மதிப்பு!

ஆபரேஷன் நாள்

காலையில் பட்டினி. ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பிருந்து சோறு, பால், பிஸ்கட் எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் எப்போது வரை கொடுக்கலாம் என்று நர்ஸிடம் கேளுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. "ஐயோ பாவம், பிள்ளை பசிக்குதுங்குது" என்று அப்பத்தா ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். நர்ஸிடம் சொல்லுங்கள். ஆபரேஷனைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான்.

சளி, காய்ச்சல் இருந்தாலும், பல் ஆடினாலும் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது காயம் பட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்காது என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அது மலையாளத்தில் இருக்கும், அல்லது இங்கிலீஷில் இருக்கும். நமக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். அதில் வெட்கம் எதற்கு? "வாசித்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்டுப் புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் கத்தும், உதறும். அம்மாவையே அடையாளம் தெரியாதது போல அழும். கொஞ்ச நேரத்தில் சரியாகும். பழுப்பு நிறத்தில் ஒருமுறை வாந்தி எடுக்கலாம். அது விழுங்கிய பழைய ரத்தம். சிவப்பாகப் புது ரத்தம் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் பத்து நாள்

முதல் நாள் நன்றாக இருக்கும் பிள்ளை மூன்றாம் நாள், நாலாம் நாள் அதிகம் அழும். இது வழக்கம்தான். தொண்டையில் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அது சீழ் அல்ல. முழங்காலில் காயம் பட்டால் பொருக்குத் தட்டுகிறது அல்லவா? அதுதான் இது. ஈரத்தில் இருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. வாய் நாறும். காதும் வலிக்கும். காதில் நோய் இல்லை. தொண்டை வலிதான் காதில் தெரிகிறது. காதில் எண்ணெய் விடாதீர்கள்.

வலி மருந்தை, பிள்ளை அழுத பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். வலி குறைந்தால்தான் பிள்ளை விழுங்கும். இங்கே ஒரு முக்கியமான விஷயம். பாராசிட்டமால் டானிக் பாட்டிலைப் பாருங்கள். ஒரு பாட்டிலில் 125 என்று இருக்கும். இன்னொன்றில் 250 என்று இருக்கும். இரண்டாவது, முதலாவதைவிட இரண்டு மடங்கு வீரியம். பழைய பாட்டில், பக்கத்து வீட்டுப் பாட்டில் என்று மாற்றிக் கொடுத்தால் அளவு தப்பிவிடும். எண்ணை வாசியுங்கள். ஸ்பூன் வேண்டாம், பாட்டிலோடு வரும் மூடியில் அளந்து கொடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்தும் கூடாது. டான்சில் ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்கு அது மூச்சை அடக்கி, சில உயிர்களை எடுத்திருக்கிறது. 2013-இல் அமெரிக்க அரசு அதைத் தடுத்து எச்சரிக்கை கொடுத்தது.

சாப்பாட்டை விடத் தண்ணீர் முக்கியம். ஒரு வாய், ஒரு வாயாக நாள் முழுவதும் கொடுங்கள். ஆறிய கஞ்சி, இளநீர், மோர், ராகிக் கூழ் எல்லாம் நல்லது. நம் தோட்டத்து உருளைக்கிழங்கையும் கேரட்டையும் வேக வைத்து மசித்துக் கொடுக்கலாம். பிள்ளை சோறு கேட்டால் சோறும் கொடுங்கள். மெல்லுவது தொண்டைக்கு நல்லதுதான். முறுக்கு, சிப்ஸ், மிளகு ரசம், எலுமிச்சை, ஆரஞ்சு மட்டும் வேண்டாம்.

ஐஸ்கிரீம்? "இந்தக் குளிர்ல ஐஸா?" என்று வீட்டில் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். சளி கிருமியால் வருகிறது, ஐஸால் அல்ல. குளிர்ந்தது இந்தப் புண்ணுக்கு இதமாக இருக்கும். பிள்ளைக்குப் பிடித்தால் கொடுங்கள். பிடிக்காவிட்டால் கட்டாயம் இல்லை.

பிள்ளை மூத்திரம் போவதைக் கவனியுங்கள். காலையிலிருந்து மாலை வரை போகவே இல்லை, நாக்கு வறண்டிருக்கிறது என்றால் தண்ணீர் போதவில்லை. டாக்டரிடம் போக வேண்டும்.

ரத்தம் வந்தால்

இந்தப் பாடத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ரத்தம் வரக்கூடிய காலம் இரண்டு. ஆபரேஷன் ஆன முதல் நாள் ஒன்று. அப்போது ஆஸ்பத்திரியில் இருப்போம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை இன்னொன்று. அப்போதுதான் பொருக்கு உதிரும். அந்தச் சமயம் நாம் வீட்டுக்கு வந்திருப்போம். நூறு பிள்ளைகளில் சில பிள்ளைகளுக்குத்தான் இப்படி வரும். ஆனால் வருவது யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது.

எச்சிலில் சிவப்பு ரத்தம் தெரிந்தால், கொஞ்சமாக இருந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தானாக நின்றுவிட்டாலும் போக வேண்டும். தூக்கத்தில் பிள்ளை திரும்பத் திரும்ப விழுங்கிக்கொண்டே இருந்தால், ரத்தத்தை விழுங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வையுங்கள். தலையை முன்னால் சாய்த்து, ரத்தத்தைக் கிண்ணத்தில் துப்பச் சொல்லுங்கள். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் கிடைத்த ஜீப்பில் கிளம்புங்கள்.

வட்டவடையிலிருந்து மூணாறு சுமார் 45 கிலோமீட்டர். பாம்பாடும் சோலைக் காட்டுக்குள் போகும் சாலை. இரவில் பனி மூடும். யானை நிற்கும். மூணாறிலிருந்து கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்கோ தேனி மெடிக்கல் காலேஜுக்கோ இன்னும் பல மணி நேரம். சமவெளிக்காரருக்கு எழுதிய புத்தகத்தில் இந்தக் கணக்கு இருக்காது. நாம்தான் போட வேண்டும்.

ஆகவே சேரும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள்: "எங்க ஊர் வட்டவடை. ராத்திரி ரத்தம் வந்தா இங்க வந்து சேர நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும்." பத்து நாள் முடியும்வரை போடியிலோ தேனியிலோ மூணாறிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே தங்குங்கள். ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் இந்த ரத்தத்தை நிறுத்துவார்கள் என்று முதலிலேயே கேட்டு, அதற்குப் பக்கத்தில் தங்க வேண்டும். முடியாவிட்டால், ராத்திரி கூப்பிட்டால் வரும் ஜீப்காரரிடம் முன்பே பேசி வையுங்கள். ஆடி மழையில் தேதி வாங்காதீர்கள். 2018 ஆகஸ்டில் மண் சரிந்து மூணாறுச் சாலைகள் அடைபட்டது நினைவிருக்கும். கேரட் பிடுங்கும் வாரமும் வேண்டாம். அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் தேதியை மாற்றித் தருவார்கள்.

எழுதிப் பழகுவோம்

ஒரு சீட்டில் இவற்றை எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வயது, எடை. ஆபரேஷன் நடந்த தேதி. மருந்தின் பெயர், பாட்டிலில் உள்ள எண், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு. ஆஸ்பத்திரி போன் நம்பர். ஜீப்காரர் போன் நம்பர். 108. காலண்டரில் ஆபரேஷன் நாளிலிருந்து எண்ணி, 5 முதல் 10 வரை உள்ள நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். சீட்டை அரிசிப் பானைக்கு அடியில் வைக்காமல், காலண்டர் ஆணியிலேயே குத்தித் தொங்க விடுங்கள். வீட்டில் வேறு யாருக்கெல்லாம் அதை வாசிக்கத் தெரியும் என்று ஒருமுறை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.