கொரியக் காதல் தொடர் பார்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

கொரியாவின் காதல் நகைச்சுவைத் தொடர்கள் எனக்கு உயிர். அந்த உரிமையில்தான் சொல்கிறேன்: அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சில வழக்கங்கள் உங்களுக்கு எரிச்சலூட்டும். சிலவற்றைப் பொறுத்துப் போகலாம். சிலவற்றைப் பொறுக்கவே கூடாது.

1. கையைப் பிடித்து இழுப்பதைக் காதல் என்று நம்பாதீர்கள். புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ் பேசி வந்த 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' (2009) தொடரில், கு ஜுன்-பியோ பள்ளியையே ஏவிவிட்டு ஜான்-டியைக் கொடுமைப்படுத்துவான். பிறகு உரிமையோடு அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்துப்போவான். 'சீக்ரெட் கார்டன்' (2010) நாயகன், நாயகி விலக விலக அவளை வலிந்து முத்தமிடுவான். பின்னணியில் இனிமையான பாட்டு வேறு. ஒலியை நிறுத்திவிட்டு அவள் முகத்தை மட்டும் பாருங்கள். அது போதும்.

2. மகனை விட்டுவிடச் சொல்லிப் பணக்கார அம்மா நீட்டும் பண உறை எப்படியும் வரும். வந்தால் அந்த ஏழை வீடு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஜான்-டியின் அம்மா, விலை பேச வந்த ஜுன்-பியோவின் கோடீஸ்வர அம்மா தலையில் உப்பைக் கொட்டுவார். பழைய சூத்திரத்துக்குள்ளும் மானம் உள்ள ஒரு காட்சி அது.

3. "உன் நன்மைக்காகத்தான் பிரிகிறேன்." எனக்கு ஆகவே ஆகாதது இதுதான். பல தொடர்கள் 16 பகுதிகள்; ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். பத்தாம் பகுதிக்குள் இருவரும் சேர்ந்துவிட்டால் மிச்சத்தை எதைக்கொண்டு நிரப்புவது? வாரத்துக்கு இரண்டு பகுதி ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே படப்பிடிப்பும் நடந்த காலத்தில், அன்றைய வசனத்தாள் சில நேரம் அன்றுதான் நடிகர் கைக்கு வந்துசேரும். எழுதுபவருக்கு யோசிக்க நேரமிருக்காது. ஆகவே ஒரு மிரட்டலோ, நோயோ, அப்பா செய்த பழைய பாவமோ முளைக்கும். ஒருவர் அதை மறைத்து, "உன்னை நான் காதலிக்கவே இல்லை" என்று பொய் சொல்லிப் போய்விடுவார். உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். இதைத் தியாகம் என்கிறார்கள். ஒருத்தியின் வாழ்க்கையைப் பற்றி அவளைக் கேட்காமலே முடிவெடுப்பதில் என்ன தியாகம் இருக்கிறது?

பிரிவே கூடாது என்று சொல்லவில்லை. 'காபி பிரின்ஸ்' (2007) தொடரில் உன்-சான் காபித் தொழில் கற்க இத்தாலி போகிறாள். காதலன் ஹான்-கியோலுக்கு வலிக்கிறது, ஆனாலும் எங்கே, எதற்காகப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பிரிவு எனக்கு எரிச்சலே தரவில்லை.

4. விபத்து, நினைவிழப்பு, முன்பே எங்கோ சந்தித்திருந்தார்கள் என்ற கண்டுபிடிப்பு: மன்னித்துவிடுங்கள். 'விண்டர் சொனாட்டா' (2002) காலத்திலிருந்து 'குயின் ஆஃப் டியர்ஸ்' (2024) வரை நினைவை இழந்துகொண்டேதான் இருக்கிறார்கள். இதில் யாரும் யாரையும் அவமதிக்கவில்லை.

5. இரண்டாம் நாயகனுக்காக அழுங்கள், தப்பில்லை. 'ஸ்டார்ட்-அப்' (2020) வந்தபோது, தோ-சான் பெயரில் நாயகி தால்-மிக்குக் கடிதங்களை எழுதியவன் ஹான் ஜி-பியோங் என்றால் அவளும் அவனுக்குத்தானே என்று பலர் கொதித்தார்கள். நானும் அவனுக்காக வருந்தினேன். ஆனால் உண்மை தெரிந்த பிறகும் அவள் தோ-சானைத்தான் தேர்ந்தெடுத்தாள். கடிதம் எழுதியதற்குக் கூலியாக ஒரு பெண்ணைக் கேட்க முடியாது.

6. காதலர் சண்டைக்கு நடுவில் திடீரென்று சாண்ட்விச் புகழ் பாடுவார்கள்; அது விளம்பரம். கொரியாவின் தரைவழி அலைவரிசைகளில் நிகழ்ச்சியின் நடுவே விளம்பர இடைவேளைக்கு 2021 வரை அனுமதி இல்லை. கதைக்குள் பொருளைக் காட்டுவதற்கு 2010இல் சட்டம் வழிவிட்டது. காரணம் தெரிந்தால் கோபம் குறையும்.

7. முதல் தொடராக 'வெயிட்லிஃப்டிங் ஃபேரி கிம் போக்-ஜு' (2016) பாருங்கள். விளையாட்டுக் கல்லூரி, பளு தூக்கும் பெண், நீச்சல் வீரன். கோடீஸ்வர வாரிசு இல்லை, பண உறை இல்லை. மனக்காயத்துக்கு மருத்துவரிடம் போகிறார்கள். மனத்தாங்கல் வந்தால் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். இதைப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.