தலை தொங்கிய மாங்கன்று

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்னி நட்சத்திர வெயிலில், மொட்டைமாடியில், ஒட்டு மாங்கன்றைப் பையிலிருந்து தொட்டிக்கு மாற்றியிருக்கிறாய். உன் தைரியம் வேறு யாருக்கும் வராது.

"செத்துடுச்சா பெரியம்மா?" என்று கேட்டாயே, அதை முதலில் பார்த்துவிடுவோம். தண்டை நகத்தால் லேசாகக் கீறு. தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒட்டுப் போட்ட முடிச்சுக்கு மேலே கீற வேண்டும். அதற்குக் கீழே இருப்பது வேறு மரம். அங்கே மட்டும் பச்சை இருந்து பயனில்லை. நீ ஆசைப்பட்டு வாங்கிய ரகம் மேலேதான் இருக்கிறது.

இலை தொங்குவதால் நோவு இலையில் என்று நினைக்காதே. தண்ணீரைக் குடிப்பவை நுனிவேர்களும் அவற்றின் வேர்த்தூவிகளும். ஒரு தூவி என்பது ஒரே செல்லின் நீட்சி. மண் உதிரும்போதே அறுந்துவிடும். நீ பையைக் கிழித்து மண்ணை உதறியபோது எத்தனை போயிருக்குமோ! குடிக்கும் வாய் குறைந்துவிட்டது, இலைகள் மட்டும் பழையபடி நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கின்றன. சமாளிக்க முடியாமல் சில இலைகளைக் கன்றே உதிர்க்கும். உதிர்க்கட்டும்.

காலையும் மாலையும் ஒரு வாளி ஊற்றுவதாக எழுதியிருக்கிறாய். நிறுத்து. வேருக்குக் காற்றும் வேண்டும்; சேற்றில் மூச்சுமுட்டிய கன்றும் இப்படித்தான் வாடி நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. நர்சரிப் பையில் இருந்தது இறுகிய செம்மண் கட்டி, நீ சுற்றிலும் போட்டது பொலபொலவென்ற தேங்காய் நார்க்கழிவுக் கலவை. ஊற்றும் நீர் கலவை வழியாகவே ஓடி, அடித் துளையில் வந்துவிடும். வெளியே ஈரம், நடுவே வறட்சி! தண்டுக்கருகே ஒரு தென்னை ஈர்க்கைக் குத்திப் பார். இறங்காமல் வளைந்தால் கட்டி காய்ந்து கிடக்கிறது. அப்போது தண்டைச் சுற்றி ஒரு டம்ளர் ஊற்றி, அது இறங்கிய பின் இன்னொன்று, பிறகு இன்னொன்று. அதன் பிறகு, மேல்மண் ஒரு விரற்கணு ஆழம் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வை. தளத்துச் சூடு அண்டாது, துளையும் அடைபடாது. பச்சை நிழல்வலை இல்லாவிட்டால் ஆச்சியின் பழைய நூல்சேலை போதும். மேற்கு வெயில்தான் பொல்லாதது.

உரம் வேண்டவே வேண்டாம். நானே ஒருமுறை, வாடிய எலுமிச்சைக்குப் பாசத்தில் ஒரு கை யூரியா போட்டுக் கொன்றிருக்கிறேன். உப்புப் பட்ட மாங்காய் ஜாடியில் நீர் விடுமே, அதேபோல உரத்தின் உப்பு வேரிலிருந்த நீரையும் இழுத்துவிட்டது.

பக்கத்து வீட்டு மாமா பாதிக் கிளையை வெட்டச் சொன்னாராமே. அவரிடம் தலையாட்டிவிட்டு, காய்ந்த நுனியை மட்டும் வெட்டு. புது வேர் விடத் தூண்டும் ஆக்சின் உருவாவது இளம் இலைகளிலும் கொழுந்து நுனிகளிலும்தான். முடிச்சுக்குக் கீழே துளிர் வந்தால் மட்டும் தயங்காமல் கிள்ளிவிடு.

வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆசை வரும். சின்ன வயதில் எனக்கும் வந்தது. காலையில் இலை நிமிர்ந்து, மதியம் மட்டும் சற்றுத் துவண்டால் கன்று தேறுகிறது. விடியற்காலையிலும் தொங்கினால் எனக்கு உடனே படம் அனுப்பு. சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் வரும். அதன் பிறகு முதலில் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழு வெயில்.

கடைசியாக ஒன்று, திட்டாதே. மூன்றாவது படத்தில், இலைக்குப் பின்னால் கோலிக்குண்டு அளவு பிஞ்சு ஒன்று தெரிகிறது. அதை இன்றே கிள்ளிவிடு. இருக்கிற கொஞ்ச நீரையும் அது வாங்கிக்கொள்ளும். தூக்கிப் போடாமல் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுவிடு, தம்பிக்குப் பாதி.

அன்புடன்,
பெரியம்மா