கழுத்தில் தொங்கும் டாலரும் கணக்கில் வராத ரூபாயும்

கண்காட்சிகளிலும் இன்ஸ்டாகிராம் கடைகளிலும் இப்போது ஒரு வகை நகை கிடைக்கிறது. வெள்ளி முலாம் பூசிய மெல்லிய சங்கிலி, சின்னப் பறவை டாலர், கூடவே நூலில் கட்டிய ஓர் அட்டை. இதை வாங்கினால் பாலியல் சுரண்டலிலிருந்து ஒரு சிறுமி மீட்கப்படுவாள் என்ற பொருளில் அதில் ஏதாவது எழுதியிருக்கும். வாங்குகிறவர்களின் நல்ல மனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்டை சொல்கிற கதையில்தான் பல ஓட்டைகள்.

"நான் கொடுக்கும் பணம் குழந்தைகளுக்குப் போகிறது"

ஒரு பங்குதான் போகிறது. 1,000 ரூபாய் சங்கிலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலையில் 10% நன்கொடை என்றால் 100 ரூபாய். லாபத்தில் 10% என்றால் கணக்கே வேறு. கம்பி, பாசி, கூலி, டப்பா, கூரியர், கடைக்காரர் கமிஷன், விளம்பரம், 3% ஜிஎஸ்டி எல்லாம் கழித்து 150 ரூபாய் மிஞ்சுகிறது என்று வையுங்கள். போய்ச் சேருவது 15 ரூபாய். "வருமானத்தில் ஒரு பகுதி" என்று மட்டும் போட்டிருந்தால் ஒரு ரூபாய் கொடுத்தாலும் பொய் சொன்னதாக ஆகாது. நன்கொடைக்கு உச்சவரம்பு வைக்கும் நிறுவனங்களும் உண்டு. அந்தத் தொகையை எட்டிய பிறகு விற்பது வெறும் சங்கிலி. நகைக்கான பில்லை வைத்து நன்கொடைக்கான வருமான வரிவிலக்கு கேட்கவும் முடியாது.

"மீட்கப்பட்ட சிறுமிகளே கையால் செய்த நகை"

செய்வது சிறுமிகள் என்று ஒரு விற்பனையாளர் பெருமையாகச் சொன்னால், அதுதான் கவலைப்பட வேண்டிய இடம். 14 வயது நிரம்பாதவர்களைக் கூலி வேலைக்கு வைக்க நம் சட்டம் இடம் தருவதில்லை. நிஜத்தில் இந்த நகைகளைச் செய்யும் பட்டறைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வளர்ந்த பெண்கள். மும்பையில் தொடங்கிய இன்டர்நேஷனல் சாங்சுவரி போன்ற அமைப்புகள் கடத்தலிலிருந்து மீண்ட பெண்களுக்கு நகைப் பயிற்சியும் வேலையும் தருகின்றன; நகைகள் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குப் போகின்றன. குறட்டால் கம்பியை வளைத்து, கொக்கி மாட்டி, அடுத்ததை எடுக்கும் வேலை.

அமெரிக்கச் சமூகவியலாளர் எலெனா ஷீ பாங்காக்கிலும் பெய்ஜிங்கிலும் இத்தகைய பட்டறைகளில் பெண்களோடு இருந்து ஆராய்ந்து, 2023-ல் 'மேனுஃபேக்சரிங் ஃப்ரீடம்' என்ற நூலை வெளியிட்டார். வாங்குகிறவர்களிடம் 'கடத்தப்பட்டவர்கள்' என்று அறிமுகமாகும் பெண்களில் பலர் தங்களை அப்படிக் கருதவில்லை என்கிறார். கிடைத்த கூலி குறைவு. கூலியோடு சேர்ந்து நடத்தை விதிகளும் கண்காணிப்பும் வந்தன. வேலை தருவது தவறு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதையே 'விடுதலை' என்று பெயரிட்டு விற்கும்போது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதுகூட ஏதோ மரியாதைக் குறைவு போல ஆகிவிடுகிறது. மற்ற எந்தத் தொழிற்சாலையிலும் நாம் முதலில் கேட்பது அதைத்தானே?

"அந்தக் குழந்தையின் படமே அட்டையில் இருக்கிறதே!"

இருந்தால் அதுவே குற்றமாகலாம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் தடுக்கின்றன. படத்தில் இருப்பவர் விளம்பர மாடல் என்றால், சாட்சியமாகக் காட்டப்படுவது நடிப்பு.

கதைக்கு இருக்கும் சந்தை கதையை எங்கே கொண்டுபோகும் என்பதற்குக் கம்போடியாவின் சோமாலி மாம் விவகாரம் இருக்கிறது. சிறுமிகளை மீட்பவர் என்று உலகம் கொண்டாடிய அவருடைய சொந்தக் கதையும், அவர் முன்னிறுத்திய பெண்களின் கதைகளும் உண்மைதானா என்று 2014 மே மாதம் 'நியூஸ்வீக்' கேள்வி எழுப்பியது. அவர் தம் பெயரிலான அறக்கட்டளையிலிருந்து விலகினார். அதே ஆண்டில் அறக்கட்டளை மூடப்பட்டது. கம்போடியக் குழந்தைகளின் துயரம் கற்பனையல்ல. ஆனால் அதைச் சொல்லப் போகிறவர்களை அதன்பின் யார் உடனே நம்புவார்கள்?

"பிள்ளை பிடிப்பவன்தான் எதிரி"

இந்த நம்பிக்கை ஆளையே கொன்றிருக்கிறது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப் வதந்தி பரவிய நாட்களில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்த 65 வயதுப் பெண்மணியை ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. கோயிலுக்குப் போகும் வழியில் குடும்பத்தோடு நின்றவர் அவர். 2020-ல் அமெரிக்காவில் வேஃபேர் என்ற மரச்சாமான் நிறுவனம் அலமாரிகளுக்குள் குழந்தைகளை வைத்து விற்கிறது என்று இணையத்தில் ஒரு புரளி. அதை நம்பியவர்கள் ஆள்கடத்தல் உதவி எண்ணுக்கு விடாமல் அழைத்ததில், உண்மையில் உதவி தேவைப்பட்டவர்களுக்கு லைன் கிடைப்பது சிரமமானது.

ஆனால் இந்தியாவில் போக்சோவின் கீழ்ப் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90%-க்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்குத் தெரிந்தவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் காட்டுகிறது: உறவினர், அக்கம்பக்கத்தார், நண்பர், வேலை கொடுப்பவர். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களின் 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது, ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 53.22%. அவர்களில் பாதிக்குச் சற்று மேல் ஆண் குழந்தைகள். பறவை டாலர் விற்பவர்கள் பையன்களைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.

தெரிந்தவர்மேல் சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை. தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பது போக்சோவின்படி தண்டனைக்குரியது.

"மீட்டுவிட்டால் வேலை முடிந்தது"

அதற்குப் பிறகுதான் செலவே. வழக்கு விசாரணையை முடிந்தவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். நடைமுறையில் பல வழக்குகள் இழுத்துக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேருந்துக் கட்டணம், அம்மாவின் ஒரு நாள் கூலி, மனநல ஆலோசகர், பிள்ளையோடு நீதிமன்றத்துக்குத் துணைக்கு வரும் ஆள். இவையெல்லாம் நன்கொடையாளரின் கண்ணில் படாத செலவுகள்.

"அப்படியானால் இதெல்லாம் ஏமாற்று வேலை"

இல்லை. 2009-ல் பாடி ஷாப் நிறுவனம், குழந்தைகளின் பாலியல் சுரண்டலுக்கு எதிரான எக்பாட் அமைப்போடு சேர்ந்து, நிதி திரட்ட, கைக்குப் பூசும் ஒரு கிரீமை விற்றது. நகை அல்லதான். அதோடு கடைகளில் கையெழுத்தும் வாங்கியது. 2011-ல் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலிடம் போய்ச் சேர்ந்தன. என் கணக்கில் கிரீம் விற்ற பணத்தைவிட அந்தக் கையெழுத்துகளே பெரிது, ஏனென்றால் அவை அரசாங்கங்களின் மேசைக்குப் போனவை.

நகை வாங்கும்போது கேட்க வேண்டியவை மூன்று: ஒரு துண்டுக்கு எத்தனை ரூபாய், எந்தப் பதிவு பெற்ற அமைப்புக்கு, போன வருடம் கொடுத்தது எவ்வளவு. ஒழுங்காக நடத்துகிறவர்கள் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள். மழுப்புகிறவரிடம், பிடித்திருந்தால் நகையை நகையாக வாங்கிக்கொண்டு, கொடுக்க நினைத்ததை அமைப்புக்கு நேராகவே அனுப்பிவிடலாம். அதற்கு ரசீதாவது கிடைக்கும்.